மூணு ஃபேஸ் குடுக்க மாட்டேங்கற அக்கா

1.

மொதல்லயே சொல்லிடறேன், இந்தக் கதை என் கால் சுண்டுவிரல்லேருந்துதான் கெளம்புச்சு. ஃப்ரெண்டு வீட்ல ரெண்டு நாள் தங்கிட்டு, லேட்டா வந்து ஹால்ல படுத்துட்டேன். காலையில தூக்கக் கலக்கத்துல பல்லு வெளக்கப் போனேனா, ணங்குன்னு ஒரு இரும்புல இடிச்சேன். ஒத்தக் கால்ல குதிச்சுக்கிட்டே நிமிந்து பாக்கறேன், நான் தங்கியிருக்கற அக்கா வீட்டுப் பின்ரூம் முழுக்க ஒரு மில்லிங் மெஷின் நிக்குது.

மாவு மில்லுன்னு நெனச்சுடாதீங்க, நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். இது இரும்பு செதுக்கற மெஷின். கீழ இரும்புக் கட்டிய இறுக்கிப் புடிச்சு வெச்சுடணும், மேல கட்டர் சுத்தும், டேபிள நகத்த நகத்த இரும்பு சீவல் சீவலா வரும். அது கதவு வழியா உள்ள வரல. ஜன்னல ஃப்ரேமோட பேத்து, செவுத்தையும் கொஞ்சம் இடிச்சு, உருளைக் கட்ட மேல உருட்டிக் கொண்டு வந்திருக்காங்க. ஜன்னல் இருந்த எடத்துல தார்ப்பாய் தொங்குது. காத்தடிச்சா பட்டு பட்டுன்னு அடிக்குது.

"மாமா, என்ன மாமா இது?"

"மெதுவா பேசு. உங்க அக்கா இன்னும் பாக்கல."

"வீட்ல ஒரு செவுத்த காணோம், அவ பாக்கலயா?"

"பாத்தா. இன்னும் பாத்த மாதிரி காட்டிக்கல."

அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன், இத எழுதாம விடக்கூடாதுன்னு. எழுத உக்காந்தா ஒரு வரி ஒழுங்கா வரல. என் ஆரம்பமெல்லாம் இந்த லட்சணம்தான்:

அந்த மெஷின் ஒரு யானையைப் போல — (பெருசா எதப் பாத்தாலும் எல்லாரும் யானைங்கறாங்க. விட்டுட்டேன்.)

இரும்புக்கும் உயிர் உண்டு என்பதை முதன்முதலில் — (மாமா பின்னாடி நின்னு படிச்சுட்டு, "உயிர் இருந்தா நான் எதுக்கு கரண்டுக்கு அலையறேன்"னு கேட்டாரு. அதோட செத்துச்சு.)

செவுரு இல்லாத வீட்டில் — (இது வேற மாதிரி கதையா போயிடும்.)

அதனால ஆரம்பமே இல்லாம ஆரம்பிச்சுட்டேன். இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, பரவால்ல.

2.

மாமா பம்ப் கம்பெனில டூல்ரூம்ல இருந்தவரு. கம்பெனி எல்லாத்தையும் கம்ப்யூட்டர் மெஷினா மாத்துச்சு, அவரையும் அவரு ஓட்டின மெஷினையும் ஒரே நாள்ல வெளிய அனுப்பிடுச்சு. அவருக்கு ஒரு சால்வை போட்டாங்க. மெஷின ஓரமா போட்டாங்க. இவரு சால்வைய வீட்ல வெச்சுட்டு நேரா திரும்பிப் போயி மெஷின வாங்கிட்டு வந்துட்டாரு.

இப்ப நெலம என்னன்னா, ஒரு பம்ப் கடைக்காரரு மாமாகிட்ட ஒரு சாம்பிள் கேட்டிருக்காரு. உள்ளங்கையில அடங்கற இரும்புக் கட்டி, அதுல இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் நேரா ஒரு ஸ்லாட். பள்ளம்னு வெச்சுக்குங்க. திங்கக்கிழமை காலையில கொண்டு வந்து காட்டு, சரியா இருந்தா தொடர்ந்து வேலை உனக்குன்னு சொல்லிட்டாரு. அது நடக்கலன்னா அதே திங்கக்கிழமை மாமா ஒரு குடோன்ல சூப்பர்வைசரா சேரணும், மெஷின் காயலான் கடைக்குப் போகணும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒத்துக்கிட்டது. ("ரெண்டு பேரும்"னு எழுதினா மாமா சிரிக்கறாரு.)

சரி, செதுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. மெஷினுக்கு மூணு ஃபேஸ் கரண்டு வேணும். வீட்ல இருக்கறது ஒண்ணு.

[இது என்னன்னு தெரியாதவங்களுக்கு: குழந்தைங்க வெளையாடற ராட்டினத்த ஒரே எடத்துல நின்னு ஒருத்தர் தள்ளறதும் இழுக்கறதுமா இருந்தா அது முன்னாடி பின்னாடி ஆடும், சுத்தாது. சுத்தி மூணு பேர் நின்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் தள்ளினா தானா சுத்தும். மாமா எனக்கு இத சொல்லிக் குடுத்தது பின்ரூம்ல, நாற்காலியில என்ன உக்கார வெச்சு. நாற்காலி உடைஞ்சது கதைக்குத் தேவையில்ல.]

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், நம்பணும். எங்க ஏரியா கரண்டு ஆபீஸ்ல புது கனெக்ஷனுக்குக் கையெழுத்துப் போடற இன்ஜினியர் எங்க அக்காதான்.

"வீட்டுக்கு மூணு ஃபேஸ் வேணும்."

"அப்ளிகேஷன் போடு."

"உன்கிட்டயேவா?"

"ஆபீஸ்ல வந்து போடு. நான் வீட்ல ஆபீஸ் பாக்கறதில்ல."

மாமா சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு போனாரு. வரிசையில நின்னாரு. இவரு முறை வந்தப்ப அக்கா தலைய நிமித்தாம கேட்டிருக்கா.

"வீடு யாரு பேர்ல இருக்கு?"

"உன் பேர்ல… உங்க பேர்லதான் மேடம்."

"ஓனர் சம்மதம்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அடுத்தது யாரு?"

சாயந்தரம் வீட்ல, அக்கா டீ குடிச்சுக்கிட்டே ஓனரா கையெழுத்துப் போட்டா. ஒரு கேள்வி கேக்கல. மறுநாள் ஆபீஸ்ல அதே பேப்பர பாத்துட்டு, "அப்ளிகண்ட் எனக்கு நெருங்கின சொந்தம், இத நான் பாக்கக்கூடாது"ன்னு மேலதிகாரிக்கு அனுப்பிட்டா. மேலதிகாரி லீவு. அவரு சீட்ட இப்ப யாரு பாக்கறாங்க? அக்காதான். எந்திரிச்சு அந்த ரூமுக்குப் போயி, தான் அனுப்பின பேப்பர தானே வாங்கிப் படிச்சு, "இதையும் நான் பாக்கக்கூடாது"ன்னு திருப்பித் தனக்கே அனுப்பியிருக்கா.

மாமா அந்த ரெண்டு ரூமுக்கும் நடுவுல பெஞ்சுல உக்காந்து இத பாத்துக்கிட்டே இருந்திருக்காரு.

"கடைசியா என்ன சொன்னா மாமா?"

"போறப்ப வழியில தயிர் வாங்கிட்டுப் போகச் சொன்னா."

3.

இந்த எடத்துல எனக்கே அக்கா மேல சந்தேகம் வந்துச்சு. அதாவது கேரக்டர் மேல. என் ஃப்ரெண்டு படிச்சுட்டு, "எந்தப் பொண்டாட்டியாவது இப்படி பண்ணுவாளாடி? ஒரு காரணம் குடு. சின்ன வயசுல கரண்டு ஷாக் அடிச்சுதுன்னு வை"ன்னா. ஒரு பாரா எழுதினேன்:

அக்காவுக்கு அப்போது ஏழு வயது. மழை பெய்துகொண்டிருந்தது. ஈரக் கையோடு அவள் சுவிட்சை —

அக்கா படிச்சா. "எனக்கு எப்படி ஷாக் அடிச்சுது?"

"அடிக்கல. கதைக்காக."

"கதைக்காகன்னா வேணா வில்லியாக்கு. ஒரு காரியத்த ஒழுங்கா செய்யறதுக்கு ஷாக் அடிச்சிருக்கணும்னு எழுதாத."

அழிச்சுட்டேன்.

அப்புறம் நான் வேற ரூட்ல போலாம்னு பாத்தேன். எங்க வீடு ஒரு ஃபேஸ், மாடி வீடு வேற ஃபேஸ், எதுத்த வீடு இன்னொண்ணு. மூணு வீட்லேருந்து மூணு வயர் இழுத்தா? மூணு குடும்பம் கூடி ஒரு மெஷின ஓட்டுது, என்ன ஒரு ஒத்துமை, என்ன ஒரு க்ளைமாக்ஸ். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. மாமாகிட்ட சொன்னேன்.

"சூப்பரு. எழுது. ஆனா உன் கதையில அதுக்கப்புறம் நான் இருக்க மாட்டேன், என்னப் பத்தி நாலு வரி இரங்கல் இருக்கும். எதுத்த வீட்டுக்காரருக்கும் சேத்து எழுதிடு."

இதையும் அழிச்சுட்டேன். நீங்களும் வீட்ல பண்ணிப் பாக்காதீங்க. டிரைவுன்னு ஒரு எலக்ட்ரானிக் பொட்டி இருக்கு, ஒரு ஃபேஸ வாங்கி மூணா குடுக்கும். ஆர்டர் போட்டாச்சு. திங்கக்கிழமைக்கு அப்புறம்தான் வருமாம். பின்ன, கதைல வேண்டிய பொருள் வேண்டிய நேரத்துக்கு வந்துட்டா நான் எத எழுதறது?

4.

அதனால மாமா ஒரு பழைய மோட்டார் வாங்கிட்டு வந்தாரு. மில்லிங் மெஷின் மோட்டார விட பெருசு. அத எதுலயும் மாட்டல. பெல்ட் இல்ல, பல்சக்கரம் இல்ல. தரையில போல்ட் அடிச்சு சும்மா வெச்சாரு.

"இது என்ன மாமா பண்ணும்?"

"சும்மா சுத்தும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஒரு ஃபேஸ்ல தானா கெளம்பாது. கயித்த சுத்தி நாம இழுத்து விட்டுடணும். ஓட ஆரம்பிச்சுட்டா நிக்காது. அது சுத்தறப்ப அதோட மூணாவது முனையில, இல்லாத ஃபேஸ அதுவே உண்டு பண்ணும். அத எடுத்து மெஷினுக்குக் குடுத்தா, மெஷின் தனக்கு மூணு ஃபேஸ் வருதுன்னு நம்பிடும்."

"பொய்தானே மாமா?"

"நீ எழுதறது மட்டும்?"

அந்த மோட்டாருக்கு நான் சும்மான்னே பேரு வெச்சேன். சொந்தக்காரங்க போன் பண்றப்பல்லாம் "மாப்ள இப்ப சும்மாதான் இருக்காரா"ன்னு கேப்பாங்க. "இல்ல, சும்மா பக்கத்து ரூம்ல இருக்கு"ன்னு சொல்லிப் பாத்தேன். அக்கா மொறச்சா. நிறுத்திட்டேன்.

மொத தடவ கயித்த இழுத்தப்ப சும்மா ம்ம்ம்ம்னு மொனகிட்டு நின்னுடுச்சு, எழுப்பி விட்டா திரும்பிப் படுக்கற ஆளு மாதிரி. ரெண்டாவது தடவ நானும் மாமாவும் சேந்து இழுத்தோம். கயிறு கையோட வந்துச்சு, நான் தார்ப்பாய் வழியா வெளிய போயி விழுந்தேன். அங்கேருந்தே கேட்டேன் அந்தச் சத்தத்த. ஓடுது. உள்ள ஓடி வந்து மெஷின் சுவிட்ச தட்டினோம். அதுவும் ஓடுது. கட்டர் சுத்துது. நான் வீடியோ எடுத்துக்கிட்டே கத்தறேன், மாமா கட்டிய கட்டர்கிட்ட கொண்டு போறாரு, சீவல் வரல. பொகதான் வருது.

மாமா கொஞ்ச நேரம் பாத்துட்டு நிறுத்தினாரு.

"நல்லாதான் ஓடுது. தலைகீழா ஓடுது."

அந்த மெஷின்ல வாழ்நாள் முழுக்க வேல பாத்தவரு. கட்டர் எந்தப் பக்கம் சுத்தணும்னு தூக்கத்துல கேட்டா சொல்லுவாரு. ஓடுச்சே அந்த சந்தோஷத்துல, எந்தப் பக்கம்னு பாக்கத் தோணவே இல்ல.

மூணு வயர்ல எந்த ரெண்ட மாத்திப் போட்டாலும் மோட்டார் திசை மாறிடுமாம். மாத்தினாரு, சரியாயிடுச்சு. எனக்கு இது பயங்கரமா புடிச்சுப் போயி, கதையிலயும் நாலாவது பகுதியையும் அஞ்சாவதையும் மாத்திப் போட்டுப் பாத்தேன். மோட்டார் வர்றதுக்கு முன்னாடியே மாடி வீட்டு சார் கம்ப்ளெயின்ட் குடுத்தாரு. கதையிலயும் பொகதான் வந்துச்சு. திருப்பி மாத்திட்டேன்.

5.

மாடி வீட்டு சார். ரிட்டயர்டு. தனியா இருக்கறவரு. நல்லவருதான், ஆனா கவனிக்கறவரு. சும்மாவ கெளப்பறப்பல்லாம் தெருவுல லைட்டு ஒரு தடவ மங்கிட்டு வருது. (வேற ஃபேஸ்ல இருக்கற வீடு எப்படி மங்கும்னு கேக்கறவங்க உக்காருங்க. நானும் மாமாகிட்ட கேட்டேன், எல்லா வீட்டுக்கும் பொதுவா வர்ற நியூட்ரல் வயர் லூஸா இருக்கும்னாரு. அதுவும் இன்னொரு கம்ப்ளெயின்ட்.)

சார் கீழ வந்து என்னத்தான் புடிச்சாரு.

"ஏம்மா, எங்க வீட்டு ட்யூப்லைட்டு கண்ணடிக்குது."

"யாரப் பாத்து சார்?"

"என்னப் பாத்துதான். வேற யாரு இருக்கா அங்க? ஃப்ரிட்ஜ் வேற பெருமூச்சு விடுது."

"அக்காகிட்ட சொல்றேன் சார்."

"வீட்ல சொன்னா மரியாதையா இருக்காது. நான் ஆபீஸ்லயே முறைப்படி சொல்லிடறேன்."

பாருங்க, அந்த மனுஷனும் முறைப்படி. இந்த வீட்டத் தொட்டவங்க எல்லாருக்கும் ஒட்டிக்குது.

வெள்ளிக்கிழமை கம்ப்ளெயின்ட் அக்கா டேபிளுக்கு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல அத பத்தி ஒரு வார்த்த இல்ல. மாமா மறுநாள் ஸ்லாட் போடப் போறத பத்தி சொன்னாரு. கட்டர் புதுசு, மெதுவாதான் போகணும்னாரு. "மெதுவாவே போ"ன்னு அக்கா சொன்னா. நான் ரெண்டு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்து கழுத்து வலி வந்துச்சு.

6.

சனிக்கிழமை மத்தியானம். மாமா பாதி ஸ்லாட் போட்டிருந்தாரு. கைப்புடிய பொறுமையா சுத்தறாரு, சீவல் சுருள் சுருளா விழுது, சும்மா ஓரமா ஓடிக்கிட்டிருக்கு. தார்ப்பாய விலக்கிட்டு அக்கா வந்தா, ஐடி கார்டு போட்டுக்கிட்டு. பின்னாடி லைன்மேன் அண்ணன்.

(லைன்மேன் அண்ணன் கதைக்குத் தேவையான்னு யோசிச்சேன். சாட்சியா ஒருத்தர் இல்லன்னா அக்கா என்ன செஞ்சிருந்தாலும் அது குடும்ப விஷயம். அவரு நிக்கறதாலதான் அது ஆபீஸ். அதனால இருக்கட்டும்.)

"வணக்கம். வோல்டேஜ் கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. இன்ஸ்பெக்ஷன் பண்ணணும்."

"வாங்க மேடம். பாத்து, தரையில சீவல் கெடக்கு."

"தெரியும். காலையில நான்தான் கூட்டினேன்."

லைன்மேன் அண்ணன் இருமினாரு.

"வீட்ல யார் யாரு இருக்கீங்க?"

"நானு, பொண்டாட்டி, பொண்டாட்டியோட தங்கச்சி."

"பொண்டாட்டி எங்க?"

"டியூட்டில இருக்கா மேடம்."

"இந்த மோட்டார் என்ன பண்ணுது?"

"சும்மா சுத்துது."

"இது இங்க ஓடறது அவங்களுக்குத் தெரியுமா?"

"சத்தம் கேட்டிருக்கும். ஆனா அவ வீட்ல ஆபீஸ் பாக்கறதில்ல."

அக்கா மூஞ்சி மாறல. காது மட்டும் செவந்துச்சு. லைன்மேன் அண்ணன் மெதுவா, "மேடம், நான் வேணா வெளிய போயி கம்பத்த பாக்கட்டுமா?"ன்னாரு.

"எந்தக் கம்பம்?"

"ஏதோ ஒரு கம்பம் மேடம்."

"இங்கயே நில்லுங்க."

அக்கா மீட்டர் போர்டுகிட்ட போனா. அனுமதி இல்லாம இந்த மாதிரி மோட்டார் ஓட்டினா ஃபியூஸ எடுத்து ஆபீஸ்ல ஒப்படைக்கணும். திரும்ப மாட்டணும்னா வேற ஏரியா இன்ஜினியர் வந்து பாக்கணும், அவரு திங்கக்கிழமை மத்தியானத்துக்கு முன்னாடி வர மாட்டாரு. பம்ப் கடைக்குப் போகவேண்டியது திங்கக்கிழமை காலையில. இந்தக் கணக்கு அந்த ரூம்ல இருந்த எல்லாருக்கும் தெரியும், லைன்மேன் அண்ணன் உட்பட.

மாமா கைப்புடிய விடல. திரும்பியும் பாக்கல.

"மேடம், பத்து நிமிஷம் இருந்தா மிச்ச பாதியும் முடிஞ்சுடும்."

அக்கா ஃபியூஸ் மேல கைய வெச்சா.

7.

[                    ]

இந்தப் பகுதிய ரெண்டு விதமா எழுதியாச்சு. ஒண்ணுல அக்கா அந்தப் பத்து நிமிஷம் கைய எடுக்காம நிக்கறா, ஸ்லாட் அந்தப் பக்கம் வெளிய வந்ததும் ஃபியூஸ புடுங்கறா. இன்னொண்ணுல உடனே புடுங்கிடறா, கட்டர் இரும்புக்குள்ளயே மாட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டும் நல்லா வந்திருக்கு. நடந்தது அதுல ஒண்ணுதான். எனக்குத் தெரியும், நான் அங்கதான் இருந்தேன்.

ரெண்டையும் அக்காகிட்ட குடுத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசா படிச்சா.

"எது போடப் போற?"

"நடந்தத."

"யோசிச்சுக்கோ. காத்திருந்தேன்னு போட்டா ஆபீஸ்ல படிப்பாங்க. காத்திருக்கலன்னு போட்டா உங்க மாமா வீட்டு ஆளுங்க படிப்பாங்க."

"யாருக்கா என் கதைய எல்லாம் படிக்கப் போறா?"

"லைன்மேன் கதையில தான் வர்றதா ஆபீஸ் பூரா சொல்லி வெச்சிருக்காரு. கேன்டீன்ல கேக்கறாங்க, எப்ப வருதுன்னு."

மாமாகிட்ட போனேன். அவரு ரெண்டையும் படிக்கவே இல்ல. "அவ என்ன சொல்றாளோ அதான்"ன்னாரு. "நீங்க சொல்லுங்க மாமா, உங்க மெஷின் அது"ன்னேன். "அது அவ கை"ன்னாரு.

இவ்ளோ நாள் நான் என்ன நெனச்சேன்னா, முடிவு எழுதறது என் இஷ்டம்னு. இது என் இஷ்டம் இல்ல. எந்தப் பக்கம் எழுதினாலும் ஒரு எடத்துல அக்காவால தலை நிமிந்து உக்கார முடியாது. அதனால மேல அந்த அடைப்புக்குறிக்குள்ள காலியா விட்டிருக்கேன். அச்சுப் பிழை இல்ல. இத இப்ப எந்த ரூம்ல, எந்தச் சத்தத்துக்கு நடுவுல உக்காந்து டைப் பண்றேன்னும் சொல்ல மாட்டேன். சொன்னா தெரிஞ்சுடும்.

8.

ஃபியூஸ புடுங்கினது மட்டும் ரெண்டுலயும் ஒண்ணுதான். அத எழுதலாம்.

அக்கா அத லைன்மேன் அண்ணன்கிட்ட காட்டிட்டு, அவரு முன்னாடியே ஒரு கவர்ல போட்டு ஒட்டி எடுத்துக்கிட்டுப் போனா. சும்மா கொஞ்ச நேரம் தானா சுத்திட்டு ஓஞ்சுச்சு. வீடு அமைதியாயிடுச்சு. மாடியிலேருந்து சார் எட்டிப் பாத்து, "இப்ப கண்ணடிக்கலம்மா, ரொம்ப நன்றி"ன்னாரு.

சாயந்தரம் இருட்டிக்கிட்டு வர்ற நேரம். நானும் மாமாவும் ஹால்ல உக்காந்திருக்கோம். வாசல்ல செருப்பு சத்தம். அப்புறம் ஒண்ணுமில்ல. ஜன்னல் வழியா பாத்தா அக்கா நிக்கறா. டியூட்டி முடிஞ்சு, ஐடி கார்ட கழட்டி கையில வெச்சுக்கிட்டு காலிங் பெல்ல அழுத்தறா. மறுபடி அழுத்தறா. கரண்டு இல்ல, பெல் எப்படி அடிக்கும்? எடுத்தவளே அவதான். அவளுக்கே தோணல.

மாமா எந்திரிச்சாரு. மேஜ மேல இருந்த இரும்புக் கட்டிய எடுத்துக்கிட்டுப் போயி கதவ தெறந்தாரு.

"யாரு வேணும்?"

"இது என் வீடு."

"ஓனரா? வாங்க."

அவ உள்ள வரல, படியிலயே நின்னா. மாமா கட்டிய அவ கையில வெச்சாரு. இருட்டு, ஒண்ணும் தெரியல. அக்கா அத திருப்பித் திருப்பித் தடவினா. அப்புறம் கட்டவிரல ஒரு ஓரத்துல வெச்சு, ஸ்லாட்டுக்குள்ள மெதுவா நகத்திக்கிட்டே போனா. மாமா அந்த விரலத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு.

அது பாதியில முட்டி நின்னுச்சா, அந்தப் பக்கம் வெளிய வந்துச்சா, நான் சொல்ல மாட்டேன். நீங்க உங்க விரல வெச்சுப் பாருங்க. பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லாதீங்க.